வீடியோவில் வரும் சுற்றுச்சூழல் கண்டுபிடிப்புகள்: பத்து வருஷம் கழித்து எது மிச்சம்?

தாமரைக்குளம்:

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. பள்ளியின் பசுமைப்படைக்கும் நான்தான் பொறுப்பு. கேட்டு வாங்கிய பொறுப்பு இல்லை. கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சுற்றுச்சூழல் நாளுக்குக் கண்காட்சி வைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் ஒரு வீடியோவைக் கொண்டுவந்தார்கள். உலகத்தை மாற்றப்போகும் கண்டுபிடிப்புகளாம். ராட்டினம் சுற்றினால் தண்ணீர் வரும் பம்பு, மின்சாரம் தரும் சாலை, மூடுபனியைப் பிடிக்கும் வலை, லடாக்கில் ஐஸ் கோபுரம், கரண்ட் இல்லாத மண்பானை ஃபிரிட்ஜ், பிளாஸ்டிக் ரோடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, பின்னால் தடதடவென்று ஒரு இசை. பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும், "டீச்சர், இதெல்லாம் இப்பவும் ஓடுதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன்.

அதனால்தான் இங்கே கேட்கிறேன். இவற்றில் எது நிலைத்தது, எது பாதியில் படுத்துவிட்டது, ஏன்? மாதிரி செய்து காட்ட எதைத் தேர்ந்தெடுக்கலாம்? செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் இருந்தால் நல்லது, என் கைக்காசுதான்.


கிணற்றடி:

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு முதலில் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள்.

ராட்டினப் பம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் பார்த்து நானும் ஒரு காலத்தில் மயங்கியவன். தென்னாப்பிரிக்காவில் பிறந்தது, பெயர் ப்ளேபம்ப். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாடுவார்கள், அந்தச் சுழற்சியில் ஆழ்குழாய்த் தண்ணீர் மேலே ஏறித் தொட்டியில் விழும், தொட்டியின் நாலு பக்கமும் விளம்பரப் பலகை, அந்த விளம்பர வருமானத்தில் பராமரிப்பு. கேட்கும்போது ஒரு ஓட்டைகூடத் தெரியாது. 2006-ல் அமெரிக்க அரசும் தனியார் அமைப்புகளும் சேர்ந்து 1 கோடியே 64 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார்கள். 2010-க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 பம்பு என்பது இலக்கு.

இப்போது பிள்ளைகளையே ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். பம்பின் திறன் மணிக்கு 1,400 லிட்டர் என்றார்கள். ஒரு பம்பு 2,500 பேருக்குப் போதும் என்றும் சொன்னார்கள். ஆளுக்கு வெறும் 15 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வகுத்துப் பார்த்தால் ராட்டினம் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் சுற்ற வேண்டும்! இந்தக் கணக்கு ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையில் 2009-லேயே வந்துவிட்டது. நாலாம் வகுப்புக் கணக்கு. கோடிக்கணக்கில் பணம் கொடுத்தவர்கள் யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

நடந்தது என்ன? பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டது. பிறகு பெண்கள், பாட்டிமார் எல்லாம் அந்தக் கனமான ராட்டினத்தைக் குனிந்து கையால் தள்ளினார்கள். பல ஊர்களில் ஏற்கெனவே நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அடிபம்பைப் பிடுங்கிவிட்டுத்தான் இதை வைத்தார்கள் என்பது இன்னும் கொடுமை. அடிபம்பு கெட்டால் ஊர் மெக்கானிக் வாஷரை மாற்றிவிட்டுப் போவார். இது கெட்டால் வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். எங்கோ ஒரு குக்கிராமத்துத் தொட்டியில் விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனி வரும்? பணம் வரவில்லை, பழுது பார்க்க ஆளும் வரவில்லை. இதைத் தூக்கிப் பிடித்த அமெரிக்க அமைப்பு 2010 வாக்கில் தன் கையிருப்பை இன்னொரு தொண்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

கண்காட்சியில் இதை வையுங்கள். ஆனால் தோற்ற கதையாக வையுங்கள். பிள்ளைகளுக்கு அதுதான் நினைவில் நிற்கும்.


நெட்டைக்கொக்கு:

மின்சாரச் சாலையா, அது முடிந்துபோன கதை. பிரான்ஸில் நார்மண்டிப் பகுதியில் துரூவ்ர் என்ற சின்ன ஊர். 2016 டிசம்பரில் 1 கிலோமீட்டர் நீளத்துக்குச் சூரியத் தகடு பதித்து அமைச்சரே வந்து திறந்து வைத்தார், செலவு 50 லட்சம் யூரோ. தகடு தட்டையாகத் தரையில் கிடக்கிறது, சூரியனைப் பார்த்துச் சாய்க்க வழியில்லை. மேலே இலை விழுகிறது, டிராக்டர் ஏறுகிறது, வண்டி போகும் சத்தம் தாங்காமல் வேகத்தை 70-ஆகக் குறைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில் 100 மீட்டர் அளவுக்குப் பெயர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. கிடைத்த மின்சாரம் எதிர்பார்த்ததில் பாதியளவு. அதே தகட்டைப் பக்கத்து மாட்டுக்கொட்டகைக் கூரையில் வைத்திருக்கலாம்.

வீடியோக்காரர்கள் இன்னும் திறப்பு விழா படத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.


மலைப்பாதை:

நடுவில் புகுந்து ஒரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். நான் கோத்தகிரிப் பக்கம். அந்த மூடுபனி வலை எங்கள் ஊருக்குச் சரிவருமா? வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள்தான் இருக்கிறோம், ஆனால் மார்ச், ஏப்ரலில் குடிக்கத் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்கிறோம். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?


கணக்குப்பிள்ளை:

டீச்சருக்கும் மலைப்பாதைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

மூடுபனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். குளிர்ந்த சுவரில் வியர்க்கிறதே, அது வேறு. இது ஏற்கெனவே நீராக இருப்பது, கீழே விழாமல் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது. அதன் வழியில் ஒரு வலையை நிறுத்தினால் இழைகளில் மோதி ஒட்டும், துளி துளியோடு சேரும், கனம் தாங்காமல் வழியும், கீழே ஒரு பாதிக்குழாய் வைத்துப் பிடிக்க வேண்டியதுதான். மின்சாரம் தேவையில்லை, இயந்திரமும் கிடையாது. காற்று மட்டும் வீச வேண்டும். காற்றில்லாமல் மூட்டம் சும்மா உட்கார்ந்திருந்தால் வலையில் ஒன்றும் சிக்காது.

இதில் பேர்போன ஊர் சிலியின் வடக்கே கடலோரத்தில் இருக்கும் சுங்குங்கோ. மழையே எட்டிப் பார்க்காத மீனவக் கிராமம். ஏறத்தாழ 330 பேர். தண்ணீர் லாரியில்தான் வரும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 14 லிட்டர் அளவுக்கு. ஊருக்கு மேலே எல் தோஃபோ என்று கைவிடப்பட்ட இரும்புச் சுரங்க மலை, அதன் உச்சியை கடலிலிருந்து வரும் மூட்டம் உரசிக்கொண்டே போகும். அந்த மூட்டத்துக்கு அங்கே கமஞ்சாகா என்று பெயர். 1980-களின் கடைசியில் சிலி ஆய்வாளர்களும் கனடாக்காரர்களும் சேர்ந்து அங்கே வலை கட்டினார்கள். ஒரு வலை 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம், இரட்டை மடிப்பு. வலை என்றதும் ஏதோ விண்வெளித் தொழில்நுட்பம் என்று நினைக்காதீர்கள், நாம் நாற்றங்காலுக்கு மேலே கட்டும் ஷேட் நெட் ஜாதிதான். சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். 1992-ல் குழாய் ஊருக்குள் வந்தது. ஆளுக்கு 33 லிட்டர் கிடைத்தது. தோட்டம் போட்டார்கள். உலகமெங்கும் படம் வந்தது.

சரி, அப்புறம்? தண்ணீர் வந்ததும் ஊர் பெருத்தது. வெளியே போனவர்கள் திரும்பி வந்தார்கள், கோடையில் விருந்தாளிகள் வந்தார்கள், அதே வலைத் தண்ணீரை இத்தனை பேர் பங்கு போட வேண்டியதாயிற்று. மலையுச்சிக் காற்று வலையைக் கிழித்துக்கொண்டே இருந்தது. யார் ஏறுவது, யார் தைப்பது, அதற்கு யார் காசு கொடுப்பது என்பதில் இழுபறி. திட்டம் போட்டவர்கள் போய்விட்டார்கள். ஊர்க்காரர்களுக்கு நகரத்தில் இருப்பது போல நிரந்தரக் குழாய்தான் வேண்டும் என்று ஆசை வந்தது, அதில் தப்பே இல்லை, பனியைக் குடிக்கும் ஊர் என்று போட்டோவில் வருவது அவர்களுக்கு என்ன சோறு போடப்போகிறது? 2000-களின் தொடக்கத்தில் பெரும்பாலான வலைகள் கந்தலாகிவிட்டன. மறுபடி லாரி.

இதே யோசனை மொராக்கோவில் வேறு மாதிரி போனது. நாட்டின் தென்மேற்கில், சீதி இஃப்னி பக்கம், பூத்மஸ்கீதா என்ற மலை, 1,225 மீட்டர் உயரம். தார் சி ஹ்மாத் என்ற உள்ளூர் அமைப்பு, அப்போது அதன் இயக்குநர் ஜமீலா பர்காஷ். 2006 வாக்கில் சின்னச் சோதனை வலை வைத்து எப்போது மூட்டம் வருகிறது, எவ்வளவு கிடைக்கிறது என்று வருஷக்கணக்கில் அளந்தார்கள். அளந்த பிறகுதான் கட்டினார்கள், 2015-ல் குழாய் திறந்தது. 600 சதுர மீட்டர் வலை, நாளுக்குச் சராசரி 6,300 லிட்டர், ஐந்து ஊர்களில் 400 பேருக்கு மேல். அதற்கு முன்னால் பெண்கள் தண்ணீருக்காக ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வரை நடந்துகொண்டிருந்தார்கள். அங்கேயும் முதலில் கட்டிய வலைகள் காற்றில் கிழிந்தன. பிறகு ஜெர்மன் பொறியாளர் ஒருவர் வலைக்குப் பின்னால் கெட்டியான பிளாஸ்டிக் கட்டமும், ஓரத்தில் இழுபடும் ரப்பர் இணைப்பும் வைத்து மாற்றினார். காற்று அடித்தால் வலை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர், தண்ணீருக்குக் காசு. இலவசம் இல்லை. 2016-ல் ஐ.நா.வின் காலநிலை விருது கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிட மீட்டர்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

மலைப்பாதை, இப்போது உங்களுக்கு. ஒரு சதுர மீட்டர் வலை, நாளுக்கு 3 லிட்டர், வருஷத்துக்கு 1,095 லிட்டர். அதுவும் வருஷம் முழுக்க மூட்டம் வந்தால். வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஒரு சதுர மீட்டர் கூரையில் விழுவது 1,200 லிட்டர். கூரை ஏற்கெனவே இருக்கிறது, கிழியாது, தைக்க வேண்டாம். உங்களுக்குக் குறை தண்ணீரில் இல்லை, மழைக்காலத் தண்ணீரை மார்ச் வரை வைத்திருக்கும் தொட்டியில்தான். மழையில்லாத ஊரில் மூட்டம் மட்டும் வந்தால்தான் வலைக்கு மதிப்பு. அப்புறம், உங்கள் மலையில் மூட்டத்தைப் பிடிக்கும் வலை காலங்காலமாகவே இருக்கிறது. சோலைக்காட்டுப் பாசி படிந்த மரங்கள் அதைத்தான் செய்கின்றன.


மலைப்பாதை:

கூரைக் கணக்கு உறைத்துவிட்டது. எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் மொத்தமும் இத்தனை வருஷமாக ரோட்டில்தான் ஓடுகிறது. நன்றி அண்ணா.


பழைய_ஜவான்:

ஐஸ் கோபுரம் பற்றி நான் சொல்கிறேன். ராணுவத்தில் இருந்தபோது லே-யில் இரண்டு குளிர்காலம் கழித்தவன். அங்கே போகிறவர்கள் பனிமலையைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கேட்பார்கள். லே இருப்பது 3,500 மீட்டர் உயரத்தில், வருஷத்து மழை 100 மில்லிமீட்டர் அளவுதான். நம் ஊரில் ஒரே ஒரு நல்ல ஐப்பசி மழையில் அது கொட்டிவிடும். விவசாயிக்குத் தண்ணீர் தேவைப்படுவது ஏப்ரல், மே மாதங்களில், விதைக்கும் நேரம். ஆனால் உயரத்துப் பனியாறு உருகி ஓடைக்கு வருவது ஜூனுக்குப் பிறகு. குளிர்காலத்திலோ ஓடைத் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் சிந்துவுக்குப் போகிறது. அங்கே பிரச்சினையே இந்த இரண்டு மாதம்தான்.

இதை முதலில் கையில் எடுத்தவர் செவாங் நோர்பெல், ஊரக வளர்ச்சித் துறைப் பொறியாளர். 1987-ல் புக்ட்சே என்ற ஊருக்கு மேலே ஓடையைத் திருப்பி, கல் வரப்பு கட்டி, ஓட்டத்தை மெதுவாக்கி, மலை நிழலில் படுகை படுகையாக உறையவிட்டார். வசந்தத்தில் வெயில் வந்ததும் அது உருகி வயலுக்கு வந்தது. 2015-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் அவர் முறைக்கு உயரமும் நிழலும் வேண்டும், ஊரிலிருந்து வெகுதூரம் ஏறிப்போய்த்தான் பராமரிக்க வேண்டும்.

லடாக்கின் இன்னொரு பொறியாளர் சோனம் வாங்சுக் அதை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். தந்திரம் கூம்பு வடிவத்தில் இருக்கிறது. தட்டையாக உறைந்த ஐஸ் முழுக்க வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அதே அளவு ஐஸைக் கூம்பாக நிறுத்தினால் வெயில் படும் பரப்பு குறைவு, உருகுவதும் மெதுவாக. மேட்டிலிருந்து மண்ணுக்கடியில் குழாய் வருகிறது, மேட்டின் உயரமே அழுத்தம் கொடுக்கும், மோட்டார் வேண்டாம். இரவில் மைனஸ் 20 டிகிரியில் தண்ணீரைப் பூவாளி மாதிரி மேலே பீய்ச்சினால் விழுவதற்குள் உறையத் தொடங்கிவிடும். உள்ளே முள்செடிக் கிளைகளை அடுக்கி வைப்பார்கள், ஐஸ் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். 2013-14 குளிர்காலத்தில் செய்த முதல் மாதிரி 6 மீட்டர்தான், ஒன்றரை லட்சம் லிட்டர், மே 18 வரை நின்றது. அடுத்து 2015-ல் பியாங் கிராமத்தில் செய்தது ஜூலை தொடக்கம் வரை தாக்குப்பிடித்து, நட்டு வைத்த 5,000 மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் தந்தது. பார்க்கப் புத்த ஸ்தூபி மாதிரி இருப்பதால் ஐஸ் ஸ்தூபி என்றே பெயர்.

வீடியோவில் காட்டாதது ஒன்று உண்டு. குழாய் உறைந்துபோகும். எங்கள் முகாமிலேயே ராத்திரி குழாயில் ஓட்டம் நின்றால் போதும், காலையில் குழாய் வெடித்திருக்கும். ஸ்தூபி கட்டும் ஊரில் நடுராத்திரி யாராவது எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், அடைத்துக்கொண்டால் தட்டி, சூடு காட்டி ஓடவிட வேண்டும். அந்தக் குளிரில் ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து வெளியே கை நீட்டுவதே வீரச் செயல். இளைஞர்கள் இருக்கிற ஊரில், ஒரு குழுவாகச் செய்கிற இடத்தில் நடக்கிறது. ஆள் இல்லாத ஊரில் நடக்காது.


கடலோரக்காரி:

மண்பானை ஃபிரிட்ஜ் என் வீட்டில் இரண்டு முறை செத்தது, அதனால் பேச உரிமை இருக்கிறது.

வீடியோவைப் பார்த்துவிட்டு நானும் ஒரு பெரிய பானை, உள்ளே சின்னப் பானை, நடுவில் மணல், மணலில் தண்ணீர், மேலே ஈரச் சாக்கு என்று அத்தனையும் செய்தேன். உள்ளே ஒரு கிலோ தக்காளி. சென்னை, மே மாதம். மூன்றாம் நாள் திறந்தால் தக்காளிக்கு வெள்ளையாகத் தாடி முளைத்திருந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, பானையை எடுத்துப் போய்ச் செடி வைத்துவிட்டார். அடுத்த வருஷம் மறுபடி முயன்றேன், மறுபடி தாடி.

பிறகுதான் புரிந்தது. இதைப் பரப்பியவர் நைஜீரியாவின் வடக்கே இருந்த முகம்மது பா அப்பா, பானை செய்யும் குடும்பத்தில் பிறந்த ஆசிரியர். அவர் ஊர் பாலைவன ஓரம், வறண்ட காற்று. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். அங்கே மூன்று நாளில் அழுகும் கத்தரிக்காய் இந்தப் பானையில் 27 நாள் இருந்ததாம். அன்றாடம் கூடையைத் தலையில் வைத்து விற்கப் போக வேண்டிய சிறுமிகளுக்கு அந்த வேலை குறைந்து பள்ளிக்கூடம் போக நேரம் கிடைத்தது. அதற்காகத்தான் 2000-ல் ரோலக்ஸ் விருது கொடுத்தார்கள். சென்னையில் காற்றே ஈரத் துணி. அதில் இன்னும் ஈரம் எங்கே போய் ஆவியாகும்?

கோவில்பட்டியில் என் சித்தி வீட்டில் இதே பானை வேலை செய்கிறது, கொத்தமல்லி அஞ்சாறு நாள் நிற்கிறது. டீச்சர், உங்கள் ஊர் எது என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.


தார்ச்சட்டி:

பிளாஸ்டிக் ரோடு நம் ஊர்ச் சரக்கு, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வாசுதேவன், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினாரே, அவருடையது. சென்னையில் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே போட்டார்கள். சூடான ஜல்லியில், 160-170 டிகிரியில், துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகி ஜல்லி மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும், அதன் மேல் தார் ஊற்றிக் கலப்பது. ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகாது, அதனால் குழி விழுவது குறையும். ஒற்றைத் தடச் சாலையில் கிலோமீட்டருக்கு 1 டன் பிளாஸ்டிக் உள்ளே போகும், அதே அளவு தார் மிச்சம். புது இயந்திரம் வேண்டாம், பழைய தார் பிளாண்டே போதும், அதனால்தான் பரவியது.

நான் ரோடு வேலையில் பதினைந்து வருஷம் இருந்தவன். பிளாஸ்டிக் சுத்தமாக, காய்ந்து, துருவி வந்தால் பிரச்சினையே இல்லை. சேறும் சாம்பார் கவரும் கலந்து மூட்டையாக வந்தால் யார் பிரிப்பது? பி.வி.சி. கலக்கவே கூடாது, சூட்டில் குளோரின் கலந்த நச்சுப் புகை வரும். ஒரு வேலையில் மூட்டையைப் பிரித்தால் உள்ளே குழாய்த் துண்டு, செருப்பு, ஒரு பொம்மைத் தலை. அன்று கையால் பொறுக்கிய பெண்களுக்குத்தான் விருது கொடுத்திருக்க வேண்டும்.


அரைக்காணி:

எல்லாரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் குழி தோண்டியவரைப் பற்றிச் சொல்கிறேன்.

புர்கினா ஃபாசோ, யாதெங்கா பகுதி, யகூபா சவதோகோ. 1980 வாக்கில் பஞ்சத்தில் ஊரே காலியாகிக்கொண்டிருந்தது. நிலம் ஓடு மாதிரி இறுகிவிட்டது, மழை பெய்தாலும் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அங்கே பழைய வழக்கம் ஒன்று உண்டு, ஸாய் என்பார்கள், சின்னக் குழி போட்டு விதைப்பது. அவர் குழியைப் பெரிதாக்கினார், கோடையிலேயே தோண்டினார், உள்ளே சாணமும் இலைதழையும் போட்டார். அதைத் தின்னக் கரையான் வந்தது. நாம் மருந்தடித்துக் கொல்லும் அதே கரையான். அது துளை போட்டுத் துளை போட்டு மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிவிட்டது, முதல் மழையே உள்ளே இறங்கியது. சோளமும் கம்பும் வந்தன. ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் குழிக்கு மேல், எல்லாம் கையால், கோடை வெயிலில். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. வளர்த்த மரங்களுக்கு ஒரு முறை தீயும் வைத்தார்கள். அவர் மறுபடி நட்டார், கடைசியில் 40 ஹெக்டேர் அளவுக்குக் காடு. வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டு வாசலில் சந்தை கூட்டி, வருகிற விவசாயிகளுக்கு விதையும் முறையும் கொடுத்தார். 2018-ல் மாற்று நோபல் என்கிற ரைட் லைவ்லிஹுட் விருது. 2023 டிசம்பரில் இறந்துபோனார்.

அதே 2018-ல் அதே விருதைப் பக்கத்து நாடான நைஜரில் வேலை செய்த ஆஸ்திரேலியர் டோனி ரினாடோவும் வாங்கினார். மரம் நட்டு நட்டுத் தோற்றுப்போனவர் அவர். 1983-ல் மணல் பாதைக்காக டயரில் காற்றைக் குறைக்க வண்டியை நிறுத்தியபோது பக்கத்தில் ஒரு புதரைப் பார்த்தார். புதர் இல்லை, வெட்டின மரத்தின் அடியிலிருந்து துளிர்த்தது. வேர் உயிரோடுதான் இருந்திருக்கிறது! நட வேண்டியதே இல்லை, நல்ல துளிரை விட்டு மற்றதைக் கழித்தால் போதும். நம் ஊரில் வேம்பும் பூவரசும் வெட்ட வெட்டத் துளிர்க்கிறதே, அதேதான். ஆனால் இன்னொரு முடிச்சும் இருந்தது. மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பது அங்கே சட்டம். தன் வயலில் நிற்கிற மரம் தனக்கில்லை என்றால் எந்த விவசாயி வளர்ப்பான்? முளைக்கும்போதே கிள்ளிவிடுவான். அந்தப் பிடி தளர்ந்து, மரம் உனக்குத்தான் என்று ஆன பிறகு 50 லட்சம் ஹெக்டேரில் 20 கோடி மரம் என்கிறார்கள். பேட்டரி, சென்சார் ஒன்றும் கிடையாது, அரிவாள்தான்.

வீடியோவில் இது வராது, ஏனென்றால் காட்டுவதற்குப் பளபளப்பாக ஒன்றும் இல்லை.


நெட்டைக்கொக்கு:

பளபளப்பாகவும் இருந்து வேலையும் செய்வது ஒன்று வேண்டுமென்றால், அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்தில் ஆற்று வாயில் நிற்கிற குப்பைச் சக்கரம். 2014 மே-யிலிருந்து ஓடுகிறது. ஆற்றோட்டமே சக்கரத்தைச் சுற்றும், ஓட்டம் குறைந்தால் சூரிய மின்சாரத்தில் தண்ணீரை ஏற்றிச் சக்கரத்தின் மேல் ஊற்றும், குப்பை பெல்ட்டில் ஏறித் தொட்டியில் விழும். முன்னால் பெரிய இரண்டு கண்ணை ஒட்டிவிட்டார்கள், ஊரே அதற்கு ரசிகர் மன்றம். இப்போது அதே ஊரில் மொத்தம் நாலு சக்கரம். கண்ணை ஒட்டியது சும்மா விளையாட்டு என்று நினைத்தேன், ஆனால் ஊருக்குச் செல்லமாகிவிட்ட ஒன்றுக்கு நிதியை வெட்டுவது கஷ்டம் இல்லையா.


தாமரைக்குளம்:

இத்தனை பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் போனில் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன், 27 மணி நேரக் கணக்குக்கு வாய்விட்டுச் சிரித்தாள். உடனே அடுத்த கேள்வி: "அப்போ அடிபம்பைத் திரும்ப வச்சாங்களா டீச்சர்?" கிணற்றடி ஐயா பதில் சொல்லுங்கள், என்னால் முடியாது.

முடிவு இதுதான். ராட்டினப் பம்பு ஒரு மேசை, 27 மணி நேரக் கணக்கோடு. சுங்குங்கோவும் மொராக்கோவும் சேர்ந்து ஒரு மேசை, வலை மாதிரியோடு. ஸாய் குழியை இரண்டு டிரேயில் செய்யப் போகிறோம், ஒன்றில் மண்ணை இறுக்கித் தட்டியது, இன்னொன்றில் குழியும் எருவும், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி எதிலிருந்து எவ்வளவு வழிகிறது என்று அளக்க. எங்கள் ஊர் விருதுநகர்ப் பக்கம், அதனால் பானையும் உண்டு. கடலோரக்காரி அக்கா, தக்காளி வேண்டாம், கொத்தமல்லிதான். ஐஸ் ஸ்தூபிக்குப் பள்ளியில் ஃபிரிட்ஜ் கிடையாது, தெர்மோகோல் கூம்பும் படமும் போதும். இல்லை, தெர்மோகோல் வேண்டாம், பசுமைப்படை மேசையில் தெர்மோகோல் வைத்தால் தலைமையாசிரியர் சிரிப்பார். களிமண்.

வலைக்கு மூடுபனி எங்கே போவது என்றுதான் யோசனை.


கிணற்றடி:

சில ஊர்களில் ராட்டினத்தைக் கழற்றிவிட்டுப் பழையபடி அடிபம்பு பொருத்தினார்கள். எல்லா ஊரிலும் இல்லை. அந்தப் பெண்ணிடம் இரண்டையும் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை:

டீச்சர், இட்லிச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு எழும் ஆவிக்கு முன்னால் வலையைப் பிடித்து, பின்னாலிருந்து ஒரு சின்ன விசிறி வைத்தால் துளி கட்டுவது தெரியும். அசல் மூட்டம் குளிர்ந்தது, இது சூடு என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி பெஞ்ச் கேட்கும். ஷேட் நெட் வாங்கும்போது 35 சதவீத நிழல் என்று கேளுங்கள். கடைக்காரர் 50 தான் இருக்கிறது, அதுவும் பச்சைதான் என்பார். பரவாயில்லை, ஒரு மீட்டர் வாங்கி இரண்டாக மடித்துக் கட்டுங்கள்.